சாவியைத் திருப்பினால் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது: லான் டிராக்டர் ஸ்டார்ட் ஆகவில்லை, உதவி தேவை

ஓஹாயோ_தோட்டம்:

எல்லோருக்கும் வணக்கம். ஊருக்கு வெளியே ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலான இடத்தில் வீடு, புல் வெட்ட ஒரு பழைய லான் டிராக்டர் வைத்திருக்கிறேன். ஒற்றை சிலிண்டர், 17.5 குதிரைத்திறன், ஓவர்ஹெட் வால்வ் எஞ்சின். போன இலையுதிர் காலம் வரை குறை சொல்ல முடியாத வண்டி. குளிர்காலம் முழுக்க ஷெட்டில் நின்றது. இப்போது வெளியே எடுத்து சாவியைத் திருப்பினால் எஞ்சின் அரைச் சுற்று சுற்றி 'டக்' என்று எதிலோ முட்டியது போல நிற்கிறது. சாவியை விட்டுவிட்டு மறுபடி திருப்பினால் இன்னொரு அரைச் சுற்று. சில நேரம் அந்த இடத்தைத் தாண்டிவிட்டால் உடனே பிடித்துக்கொண்டு அருமையாக ஓடுகிறது. அணைத்துவிட்டு மறுபடி போட்டால் பழைய கதைதான்.

பேட்டரி என்று நினைத்துப் புது பேட்டரி போட்டாயிற்று. காரிலிருந்து ஜம்பர் கேபிள் கொடுத்தும் பார்த்தேன், வித்தியாசம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டது, மாற்று என்கிறார். ஆர்டர் போடலாமா? புல் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, ஊராட்சியிலிருந்து நோட்டீஸ் வருவதற்குள் முடிக்க வேண்டும்.

டீசல்மணி:

தம்பி, ஆர்டர் போடாதீர்கள், பொறுங்கள்.

'ஸ்டார்ட் ஆகவில்லை' என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்கிறார்கள், ஆனால் அதற்குள் நான்கு வேறு வேறு நோய் இருக்கிறது. சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை என்பது ஒன்று. 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்து நிற்பது ஒன்று. எஞ்சின் சுற்ற ஆரம்பித்து பாதியில் தடைபட்டு நிற்பது ஒன்று. நன்றாகச் சுற்றுகிறது ஆனால் பற்றவே இல்லை என்பது கடைசி. முதல் இரண்டும் பெரும்பாலும் ஃப்யூஸ், சாவி சுவிட்ச், சீட் சுவிட்ச், பிரேக் சுவிட்ச், சோலினாய்டு (ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் விடும் காந்த சுவிட்ச்) என்று ஒயர் சம்பந்தப்பட்டவை. கடைசியில் பெட்ரோலும் பொறியும் வரும். உங்களுடையது மூன்றாவது. இதில் கார்புரேட்டர் பக்கம் கையே வைக்க வேண்டாம், ஏனென்றால் தாண்டிவிட்டால் உடனே பிடிக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இரண்டு விஷயம் செய்து எழுதுங்கள். ஒன்று, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எடுத்துவிட்டு சாவியைத் திருப்புங்கள், தங்குதடையில்லாமல் சுற்றுகிறதா? (பிளக் ஒயரை ஓட்டையிலிருந்து தள்ளி வைத்து எர்த் செய்துவிடுங்கள், அங்கே பெட்ரோல் ஆவி வெளியே வரும், பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது.) இரண்டு, ஆயில் குச்சியை எடுத்து அளவையும் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். பெட்ரோல் வாசனை வருகிறதா?

மல்டிமீட்டர்:

டீசல்மணி அண்ணா சொன்னதோடு ஒரு மீட்டர் வேலையும் செய்துவிடுங்கள், கடையில் கிடைக்கும் மலிவான மல்டிமீட்டர் போதும். பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். இன்னொருவரை சாவி திருப்பச் சொல்லிவிட்டு, எஞ்சின் தடைபட்டு நிற்கிற அந்த நொடியில் பேட்டரி முனையில் எவ்வளவு, ஸ்டார்ட்டர் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவில் எவ்வளவு என்று பாருங்கள். 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகப்படலாம். பேட்டரியில் நல்ல வோல்ட் இருந்து ஸ்டார்ட்டரில் மட்டும் ரொம்பக் குறைவாக வந்தால் நடுவில் கேபிளோ சோலினாய்டோ எர்த் போல்ட்டோ தின்கிறது என்று பொருள்.

எர்த் போல்ட்டை யாரும் பார்ப்பதில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன். நெகட்டிவ் கேபிள் ஃப்ரேமில் போய் இறுகும் இடத்தில் அடியில் துருவும் பெயிண்டும் இருக்கும். கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பளபளவென்று இரும்பு தெரிந்த பிறகு இறுக்குங்கள். இதற்குச் செலவே கிடையாது.

ஓஹாயோ_தோட்டம்:

மிக்க நன்றி இருவருக்கும். வேலை முடிந்து வந்து எல்லாம் பார்த்தேன்.

பேட்டரி சும்மா இருக்கையில் 12.7. முட்டி நிற்கும்போது 10.3. ஸ்டார்ட்டர் போல்ட்டில் 10.0. எர்த் போல்ட் துருப்பிடித்துத்தான் இருந்தது, சுத்தம் செய்துவிட்டேன், அதன் பிறகு எடுத்த அளவு இது. பிளக்கைக் கழற்றினால் எந்தத் தடையும் இல்லாமல் வேகமாகச் சுற்றுகிறது, எங்கும் முட்டவில்லை. ஆயில் குச்சியில் சரியான கோட்டில் இருக்கிறது, பெட்ரோல் வாசனை இல்லை.

யாழ்_பிரம்டன்:

தம்பி, நான் ஒன்ராறியோவில் சின்ன எஞ்சின்கள் திருத்துகிற கடையில் வேலை செய்கிறேன். ஏப்ரல், மே மாதம் வந்தால் இதே கதையோடு எங்களுக்கு வண்டிகள் வந்துகொண்டே இருக்கும். வருகிறவர் பற்றறி மாற்றியிருப்பார், பலர் ஸ்டார்ட்டரும் மாற்றியிருப்பார்கள். நாங்கள் வால்வ் கவரைக் கழற்றி டேப்பெட் இடைவெளியை, அதாவது வால்வ் தண்டுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவிலுள்ள இடைவெளியை, சரியாக்கிக் கொடுப்போம், வண்டி முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆகும்.

ஏன் என்று சொல்கிறேன். இவ்வளவு பெரிய ஒற்றை சிலிண்டரின் கம்ப்ரஷனை (உள்ளே அமுக்கப்படும் காற்றின் அழுத்தத்தை) முழுசாக அமுக்கித் தாண்டும் அளவுக்கு அந்தச் சின்ன ஸ்டார்ட்டருக்குச் சக்தி கிடையாது. அதனால் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட்டிலேயே ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள், கம்ப்ரஷன் ரிலீஸ் என்பார்கள். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அது ஒரு வால்வை மயிரிழை அளவுக்குத் தூக்கிப் பிடித்து, அழுத்தத்தில் கொஞ்சத்தை வெளியே விட்டுவிடும். எஞ்சின் பிடித்து வேகம் எடுத்ததும் அதிலுள்ள சின்ன எடை வெளிப்பக்கம் விலகி, வால்வை விட்டுவிடும், பிறகு முழுக் கம்ப்ரஷன்.

இப்போது யோசியுங்கள். அது தூக்குவதே மயிரிழை. ராக்கருக்கும் வால்வ் தண்டுக்கும் நடுவில் இருக்கவேண்டிய இடைவெளி தேய்மானத்தில் கூடிப்போனால், அந்த மயிரிழைத் தூக்கல் முழுவதும் இடைவெளியை நிரப்புவதிலேயே போய்விடும், வால்வ் திறக்கவே திறக்காது. ஸ்டார்ட்டர் முழுக் கம்ப்ரஷனில் போய் முட்டும். அரைச் சுற்று, 'டக்'. பிளக்கை எடுத்தால் தடையில்லாமல் ஓடும், ஏனென்றால் அமுக்குவதற்குக் காற்று இல்லை. நீங்கள் எழுதியது அத்தனையும் இதற்குத்தான் பொருந்துகிறது.

டீசல்மணி:

நானும் இதையேதான் நினைத்தேன், யாழ் அண்ணன் அழகாக விளக்கிவிட்டார். நம் ஊர்க் கிணற்று மேட்டில் ஆயில் எஞ்சின் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இது புதுசே இல்லை. மேலே இருக்கும் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டு, ஹேண்டிலைப் போட்டுச் சுற்றிச் சுற்றி வேகம் ஏற்றி, சட்டென்று லீவரைக் கீழே விடுவார்கள், 'டுப் டுப்' என்று பிடித்துக்கொள்ளும். லீவரைத் தூக்காமல் சுற்றினால் பலசாலிக்கும் முடியாது. கை செய்த வேலையை இங்கே கேம்ஷாஃப்ட் செய்கிறது, அவ்வளவுதான்.

சிகாகோ_செல்வம்:

மன்னிக்கவும், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிளக் இல்லாமல் சுற்றுவதை வைத்து ஸ்டார்ட்டர் நல்லது என்று எப்படிச் சொல்வீர்கள்? கார்பன் பிரஷ் தேய்ந்த மோட்டார்கூட பாரம் இல்லாதபோது நன்றாகத்தான் சுற்றும், பாரம் வந்ததும் படுத்துவிடும். பழைய வண்டி, ஸ்டார்ட்டரும் பழசாகத்தான் இருக்கும். மாற்றிவிட்டால் ஒரு கவலை விட்டது.

மல்டிமீட்டர்:

செல்வம் சொல்வதில் பாதி சரி. பிளக் இல்லாத சோதனை ஸ்டார்ட்டருக்கு முழு நற்சான்று கொடுக்காது. ஆனால் வோல்ட்டையும் சேர்த்துப் பாருங்கள். 12.7 இருந்தது 10.3-க்கு இறங்குகிறது என்றால் மோட்டார் நிறைய கரண்ட் இழுக்கிறது, அதாவது முழு பலத்தோடு தள்ளுகிறது, எதிரே உள்ளது அசையவில்லை. பிரஷ் தேய்ந்து தொடர்பு சரியில்லாமல் இருந்தால் பெரும்பாலும் இவ்வளவு இழுக்காது, வோல்ட் இவ்வளவு இறங்காது. கேபிளில் இழப்பு 0.3 வோல்ட்தான், அது கவலைப்படும் அளவு இல்லை.

அதைவிட முக்கியம், டேப்பெட் பார்ப்பதற்கு ஃபில்லர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) கொஞ்சம் பொறுமையும் போதும். ஸ்டார்ட்டருக்குப் பணம் போகும், மின்சாரப் பாகத்தைத் திருப்பி எடுக்காத கடைகள் நிறைய உண்டு. டேப்பெட் சரி செய்தும் முட்டினால் அப்புறம் ஸ்டார்ட்டருக்குப் போகலாம்.

ஓஹாயோ_தோட்டம்:

எஞ்சினைத் திறப்பது என்றாலே கொஞ்சம் பயமாக இருக்கிறது. நான் இதுவரை செய்ததெல்லாம் ஆயில் மாற்றியது, பிளேடு தீட்டியது, அவ்வளவுதான். வால்வ் கவரைக் கழற்றினால் ஏதாவது உள்ளே விழுந்துவிடுமா? படிப்படியாக யாராவது எழுத முடியுமா?

டீசல்மணி:

பயப்பட ஒன்றுமே இல்லை தம்பி, எஞ்சினைப் பிரிக்கப் போவதில்லை, ஒரு மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடப் போகிறோம். நிதானமாக எழுதுகிறேன், வேலை ஆரம்பிக்கும் முன் ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள்.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், ராத்திரி நின்று காலையில் செய்வது உத்தமம். சூட்டில் அளந்தால் அளவு தப்பு. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பிரேக் போட்டு, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிடுங்கள். பிளக்கையும் கழற்றுங்கள், அப்போதுதான் கையால் ஃப்ளைவீலை (எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரம்) சுற்ற முடியும்.

எஞ்சினின் முன்பக்கம், பிளக் இருக்கிற பக்கமாகவே, ஒரு தகர மூடி நான்கு போல்ட்டில் இருக்கும், அதுதான் வால்வ் கவர். கழற்றினால் கொஞ்சம் ஆயில் சொட்டும், கீழே துணி போடுங்கள். நிறைய எஞ்சினில் கேஸ்கெட்டுக்குப் பதில் சிலிக்கான் பசை போட்டிருப்பார்கள், மெல்லிய கத்தியால் ஓரத்தை நெம்பினால் வந்துவிடும், அலுமினியத்தைக் கீறிவிடாதீர்கள். உள்ளே இரண்டு ராக்கர், இரண்டு ஸ்பிரிங், பின்னாலிருந்து வந்து ராக்கரைத் தள்ளும் இரண்டு கம்பிகள், அதாவது புஷ் ராடு, தெரியும். எடுத்த எடுப்பில் புஷ் ராடு இரண்டும் நேராக இருக்கிறதா, தன் குழியில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று வளைந்திருந்தாலோ நழுவிக் கிடந்தாலோ அது வேறு கதை, படம் எடுத்துப் போடுங்கள்.

அடுத்தது பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பது. இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பிளக் ஓட்டையில் மரக் குச்சியோ பிளாஸ்டிக் ஸ்ட்ராவோ விட்டுப் பிடித்துக்கொண்டு (இரும்புக் கம்பி வேண்டாம், உடைந்து உள்ளே போகும் எதுவும் வேண்டாம்) எஞ்சின் வழக்கமாகச் சுற்றும் திசையில் ஃப்ளைவீலை மெதுவாகச் சுற்றுங்கள். மேலே இருந்து பார்த்தால் கடிகார முள் சுற்றும் திசை. குச்சி வெளியே தள்ளப்பட்டு வந்து, முழுசாக வந்து நிற்கிற இடம் டாப் டெட் சென்டர். ஆனால் ஒரு நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் இரண்டு தடவை மேலே வரும். நமக்கு வேண்டியது கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் வருவது, அப்போது இரண்டு வால்வும் மூடியிருக்கும், ராக்கர் இரண்டையும் விரலால் ஆட்டினால் கொஞ்சம் ஆடும். ஒரு ராக்கர் இறுக்கமாக நின்றால் இன்னொரு முழுச் சுற்று சுற்றுங்கள்.

டாப்பிலேயே அளந்துவிடாதீர்கள்! அந்த இடத்தில் கம்ப்ரஷன் ரிலீஸ் வால்வைத் தொட்டுக்கொண்டிருக்கலாம், அளவு பொய் சொல்லும். டாப்பைத் தாண்டி பிஸ்டன் கால் அங்குலம், ஏறக்குறைய 6 மில்லிமீட்டர், கீழே இறங்கும்வரை அதே திசையில் சுற்றி நிறுத்துங்கள். குச்சியில் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டால் சுலபம்.

இப்போது ராக்கருக்கும் வால்வ் தண்டின் தலைக்கும் நடுவில் ஃபில்லர் கேஜ் விடுங்கள். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் இந்த வகை ஒற்றை சிலிண்டர் ஓவர்ஹெட் வால்வ் எஞ்சினுக்குச் சொல்வது இன்டேக் 0.003 முதல் 0.005 அங்குலம் (0.08 முதல் 0.13 மில்லிமீட்டர்), எக்ஸாஸ்ட் 0.005 முதல் 0.007 அங்குலம் (0.13 முதல் 0.18 மில்லிமீட்டர்). வேறு கம்பெனி எஞ்சின் என்றால் அதன் கையேட்டைப் பாருங்கள், சில எஞ்சின்களில் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர் இருக்கும், அதில் சரி செய்ய ஒன்றுமில்லை. எது இன்டேக் என்று குழம்பினால் கார்புரேட்டரிலிருந்து வரும் குழாய் எந்தப் பக்கம் சேர்கிறதோ அது இன்டேக், சைலன்சர் பக்கம் எக்ஸாஸ்ட்.

சரி செய்ய, ராக்கரின் நடுவில் இருக்கும் சின்ன டார்க்ஸ் ஸ்க்ரூவைத் தளர்த்தி, அதைச் சுற்றியுள்ள நட்டைத் திருப்புங்கள். 0.004 தகட்டை இன்டேக்கில் வைத்து, இழுத்தால் லேசாகப் பிடித்துக்கொண்டு வரும் அளவுக்கு நட்டைக் கொண்டுவந்து ஸ்க்ரூவை இறுக்குங்கள். எக்ஸாஸ்ட்டுக்கு 0.006. ஸ்க்ரூவை இறுக்கும்போது நட்டும் கூடச் சேர்ந்து திரும்பிவிடும், அதனால் இறுக்கிய பிறகு தகட்டை மறுபடி விட்டுப் பாருங்கள். கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, அதே கால் அங்குல இடத்துக்கு வந்து திரும்பவும் அளந்து பார்த்த பிறகே கவரை மூடுங்கள்.

யாழ்_பிரம்டன்:

வடிவாக எழுதியிருக்கிறீர்கள் அண்ணை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பாகம் ஏதும் வாங்க நேர்ந்தால் டிராக்டரின் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள். ஒரே டிராக்டர் மாடலுக்குள் வருடத்துக்கு வருடம் வேறு எஞ்சின் வைத்திருப்பார்கள். பிரிக்ஸ் எஞ்சினில் உலோக மூடியில் மாடல், டைப், கோட் என்று மூன்று எண்கள் குத்தியிருக்கும். கோட் எண்ணின் முதல் இரண்டு இலக்கம் செய்யப்பட்ட வருடம். அந்த மூன்றையும் ஒரு தரம் படம் எடுத்து வைத்துக்கொண்டால் கேஸ்கெட் முதல் கார்புரேட்டர் வரை சரியானது கிடைக்கும்.

ஜார்ஜியா_புதுவீடு:

இந்த இழையிலேயே கேட்கலாமா? எனக்கும் ஸ்டார்ட் ஆகவில்லை, ஆனால் மேலே சொன்ன நான்காவது வகை. இரட்டை சிலிண்டர், நன்றாக வேகமாகச் சுற்றுகிறது, ஒரு தடவைகூடப் பற்றவில்லை. போன வருடத்துப் பெட்ரோலே டேங்கில் இருந்தது, வடித்துவிட்டுப் புதுசு ஊற்றினேன். யூடியூபில் ஒருவர் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கச் சொல்கிறார், அடிக்கலாமா?

மலர்விழி_கரோலினா:

ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே வேண்டாம். அது ஈதர், சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிவிடும், திடீரென்று வெடிப்பதும் பலமாக இருக்கும். சோதனைக்குத்தான் என்றால் ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு கார்புரேட்டர் வாயில் ஒரு டீஸ்பூன் புது பெட்ரோல் விட்டு, ஃபில்டரை மறுபடி மாட்டிவிட்டு (தீ திரும்பி வெளியே அடிக்கலாம், அதனால் மாட்டாமல் ஒருபோதும் திருப்பாதீர்கள்) சாவியைத் திருப்புங்கள். இரண்டு வினாடி ஓடி நின்றால் பொறி இருக்கிறது, பெட்ரோல்தான் வரவில்லை. அசையவே இல்லை என்றால் பொறியைத் தேட வேண்டும்.

அதற்கும் முன்னால், நன்றாகச் சுற்றிய உடனே பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருக்கிறதா, காய்ந்திருக்கிறதா? நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் வருகிறது, பொறி இல்லை அல்லது பெட்ரோல் அதிகமாகி பிளக்கை மூழ்கடித்துவிட்டது. எலும்பாய்க் காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை.

பொறி இல்லை என்றால் காயிலை (பிளக்குக்குப் பொறி கொடுக்கும் பாகம்) வாங்க ஓடாதீர்கள். காயிலிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் வரும், கில் ஒயர், எஞ்சினை அணைப்பதே அதை எர்த் செய்துதான். அதைக் கழற்றிவிட்டு ஸ்பார்க் டெஸ்டரில் பாருங்கள், பொறி வந்துவிட்டால் காயில் நல்லது, சீட் சுவிட்ச், பிளேடு சுவிட்ச், சாவி சுவிட்ச் இவற்றில் எங்கோ அந்த ஒயர் எர்த் ஆகிறது. கழற்றிய நிலையில் எஞ்சின் ஸ்டார்ட் ஆனால் சாவியால் அணைக்க முடியாது, சோக்கை இழுத்து நிறுத்துங்கள்.

இன்னொன்று, ஊதும் விசிறிக்கு மேலே இருக்கும் மூடியைக் கழற்றிப் பாருங்கள். எங்கள் ஷெட்டில் எலி அதற்குள் காய்ந்த புல்லும் பஞ்சும் அடைத்துக் கூடு கட்டி, கில் ஒயரின் தோலைக் கடித்து வைத்திருந்தது. தாமிரம் சிலிண்டர் தகட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது, பொறி எப்படி வரும்? கூட்டை எடுக்காமல் ஓட்டியிருந்தால் காற்று போக வழியில்லாமல் எஞ்சினே சூட்டில் போயிருக்கும்.

ஜார்ஜியா_புதுவீடு:

அக்கா, பிளக் இரண்டும் காய்ந்துதான் இருக்கிறது. எலி இல்லை. ஒரு டீஸ்பூன் பெட்ரோல் விட்டதும் உடனே ஓடி நின்றது! அப்படியென்றால் கார்புரேட்டரா?

மலர்விழி_கரோலினா:

கார்புரேட்டருக்கு முன்னால் டேங்கிலிருந்து வருகிறதா என்று பாருங்கள். கார்புரேட்டருக்குள் போகும் குழாயைக் கழற்றிப் பாட்டிலில் விட்டு எஞ்சினைச் சுற்றினால் (பம்ப் இல்லாத வண்டியில் தானாகவே) பெட்ரோல் வர வேண்டும். வராவிட்டால் ஃபில்டர் அடைப்பு, அல்லது டேங்க் மூடியில் காற்றுத் துளை அடைப்பு. மூடியைத் தளர்த்தியதும் ஓடினால் காரணம் மூடியேதான்.

அங்கே வருகிறது என்றால் அடுத்து கார்புரேட்டர் கிண்ணத்துக்கு அடியில் ஒயர் மாட்டிய ஒரு உருளை இருக்கும், ஃப்யூயல் சோலினாய்டு. சாவியை ஆன் நிலைக்கு (ஸ்டார்ட்டுக்கு இல்லை) திருப்பும்போது அதில் விரல் வைத்தால் 'டிக்' என்று தட்டுவது தெரிய வேண்டும். தட்டாவிட்டால் அந்த ஒயரில் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். சிலர் அதன் முனையை வெட்டிவிடச் சொல்வார்கள், வெட்டாதீர்கள். அணைத்த பிறகு சைலன்சரில் 'டமார்' என்று வெடிக்காமல் பெட்ரோலை நிறுத்துவது அதுதான்.

ஓஹாயோ_தோட்டம்:

செய்துவிட்டேன்!

கவரைத் திறந்தேன், புஷ் ராடு இரண்டும் நேராகத்தான் இருந்தன. ஸ்ட்ராவில் கோடு போட்டு டீசல்மணி அண்ணா சொன்னபடியே கால் அங்குலம் தாண்டி நிறுத்தி அளந்தேன். இன்டேக்கில் 0.012 தகடு தாராளமாகப் போனது. எக்ஸாஸ்ட்டில் 0.010. நீங்கள் சொன்ன அளவோடு பார்த்தால் இரண்டுமே எங்கேயோ இருக்கிறது. 0.004-க்கும் 0.006-க்கும் கொண்டுவந்தேன். சொன்னது போலவே ஸ்க்ரூவை இறுக்கும்போது நட்டு நகர்ந்தது, மறுபடி வைத்து, சுற்றிப் பார்த்து, அளந்து மூடினேன்.

பேட்டரியைச் சேர்த்து சாவியைத் திருப்பினேன். எங்கும் முட்டவே இல்லை, சர்ரென்று சுற்றி அந்த வினாடியே பிடித்துக்கொண்டது. அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒவ்வொரு தடவையும் பிடிக்கிறது. சத்தமும் குறைந்திருக்கிறது, முன்னால் 'டிக் டிக்' என்று ஒரு சின்ன ஓசை வரும், அது எஞ்சினின் இயல்பு என்றே நினைத்திருந்தேன். யாழ் அண்ணன், டீசல்மணி அண்ணா, மல்டிமீட்டர், எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. முன்பக்கம் புல் வெட்டி முடித்தாயிற்று, பின்பக்கம் சனிக்கிழமை.

ஒரு கேள்வி. கவர் ஓரத்தில் லேசாக ஆயில் கசிகிறது. போல்ட்டை இன்னும் இறுக்கட்டுமா?

டீசல்மணி:

சந்தோஷம் தம்பி! போல்ட்டை இறுக்காதீர்கள், தகரம் வளைந்து கசிவு அதிகமாகும், அலுமினியத்தில் மரையும் போய்விடும். மறுபடி கழற்றி, இரண்டு முகத்திலும் பழைய பசையைச் சுத்தமாக எடுத்து, பிரேக் கிளீனர் போட்டு ஆயில் பிசுக்கே இல்லாமல் துடைத்து, ஆயில் தாங்கும் சிலிக்கான் பசையை மெல்லிய கோடாகப் போல்ட் ஓட்டைகளின் உள்பக்கமாகச் சுற்றி விடுங்கள். நிறைய விட்டால் உள்ளே பிதுங்கி உதிரும். குறுக்குமறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ராத்திரி முழுக்கக் காயவிட்டு அப்புறம் ஓட்டுங்கள்.

சிகாகோ_செல்வம்:

வாழ்த்துகள் ஓஹாயோ. வோல்ட் இறங்குவதை வைத்து மோட்டார் பலத்தைச் சொல்ல முடியும் என்பது எனக்குப் புதுச் செய்தி, மல்டிமீட்டருக்கு நன்றி.

ஜார்ஜியா_புதுவீடு:

எனக்கும் ஆயிற்று. குழாயில் பெட்ரோல் நன்றாக வந்தது, சோலினாய்டும் தட்டியது. கிண்ணத்தைக் கழற்றினேன், அடியில் பழுப்பு நிறத்தில் கோந்து, ஓரத்தில் வெள்ளைப் பொடி. மெயின் ஜெட்டை (பெட்ரோல் போகும் நுண்துளையுள்ள பாகம்) வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டையே தெரியவில்லை. கார்ப் கிளீனர் அடித்து, ஒற்றைத் தாமிரக் கம்பி இழையால் குத்தி எடுத்தேன். இப்போது ஓடுகிறது, ஆனால் சோக்கை முழுசாகத் தள்ளி எடுத்துவிட்டால் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஓடுகிறது. பாதி சோக்கில் சீராக இருக்கிறது.

யாழ்_பிரம்டன்:

சோக்கில் சீராக ஓடினால் இன்னும் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். மெயின் ஜெட் திறந்துவிட்டது, ஐட்லிங் பாதையின் நுண்துளைகள் இன்னும் அடைத்திருக்கும். கார்புரேட்டரை முழுதாகக் கழற்றி, ரப்பர் வளையங்களை எல்லாம் எடுத்துவிட்டு, ஒவ்வொரு துளையிலும் கிளீனர் அடித்து மறுபக்கம் வெளியே வருகிறதா பார்த்து, பிறகு கம்ப்ரஸர் காற்று அடியுங்கள். கண்ணாடி கட்டாயம் போடுங்கள், அந்தத் திரவம் எதிர்பாராத துளையிலிருந்து நேராகக் கண்ணுக்கு வரும். கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள கேஸ்கெட் கிழிந்து காற்று இழுத்தாலும் இதே போலத்தான் ஓடும், திரும்பப் பூட்டும்போது புதிதாகப் போடுங்கள்.

10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், மாதக் கணக்கில் நின்றால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும். நீங்கள் பார்த்த வெள்ளைப் பொடி அலுமினியம் அரித்தது. பனிக்காலத்துக்கு நிறுத்தும் முன் புது பெட்ரோலில் ஸ்டெபிலைசர் ஊற்றி, அது கார்புரேட்டருக்குள் வந்து சேரும் வரை பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். டேங்கில் மட்டும் ஊற்றிவிட்டு ஓட்டாமல் விட்டால் கிண்ணத்தில் இருப்பது பழையதுதான்.

ஓஹாயோ_தோட்டம்:

பசை போட்டு மூடிவிட்டேன், கசிவு நின்றுவிட்டது. டேப்பெட்டை மறுபடி எப்போது பார்க்க வேண்டும்?

யாழ்_பிரம்டன்:

வருடத்துக்கு ஒரு தரம், சீசன் தொடங்கும் முன் பாருங்கள். உங்களுடையது 0.012 வரை போயிருந்ததால் இந்த இலையுதிர் காலத்திலும் ஒருக்கால் திறந்து அளந்து, அந்த அளவைக் கவரின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வையுங்கள். இன்டேக் மட்டும் சீக்கிரமாகக் கூடிப்போயிருந்தால் ராக்கர் ஸ்டட் தளர்கிறதா, புஷ் ராடு முனை தேய்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் அசையாமல் அப்படியே இருந்தால் அடுத்த வசந்தம் வரை கவலையில்லை.